லேபிள் இல்லாத டப்பாக்கள்

ஜூலை 3

அக்கா,

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. இன்னும் ஆகவில்லை என்பதுதான் சரி.

உன் முகவரியைத் தையல்கார அக்கா கொடுத்தார். அவருக்கு நீ வருஷா வருஷம் எழுதுகிறாயாம். எனக்கு மூன்று வருஷமாக ஒரு வரி இல்லை. அந்தச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். இப்போது மணி பன்னிரண்டு. அப்பாவின் டார்ச்சை எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஃபேன் மோட்டாருக்குள் பார்ப்பதற்கு வைத்திருக்கிறாரே, அதே டார்ச்.

அப்பா விழுகிறார், அக்கா.

முதல் தடவை மே மாதம். கட்டிலிலிருந்து எழுந்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கால் மரத்துப் போச்சு" என்றார். அடுத்த தடவை ஃபேன் மாட்டப் போன வீட்டில், ஏணியின் இரண்டாவது படியில். அந்த வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "ஃபேன்தான் சுத்தணும் அண்ணே, நீங்க சுத்தக் கூடாது" என்று ஜோக் வேறு. அப்பாவும் சிரித்தார். அவர் போன பிறகு அரைமணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை.

தெருமுனை டாக்டர் பிரஷர் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பா வாரத்தில் மூன்று நாள் அதை மறந்துவிடுகிறார். அறுபத்து நான்கு வயதுக்கு இவ்வளவு மறதி வருமா?

அத்தை போன மாதம் வந்தபோது, "உன்னால முடியலேன்னா பாப்பாவை என்கிட்ட விட்டுடுண்ணா" என்றாள். நான் போய்விட்டால் அப்பாவுக்கு யார்? பள்ளிக்கூடம் விட்டு வந்து படியேறும்போது தினமும் ஒரே நினைப்புதான். கதவைத் தட்டி, உள்ளேயிருந்து சத்தம் வராவிட்டால்?

நீ முதியோர் வார்டில்தானே நர்ஸாக இருக்கிறாய். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது. வீட்டுக்கு வராதே, போன் செய்யாதே. இருக்கிற ஒரே போன் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. தையல்கார அக்காவின் முகவரிக்கே பதில் போடு.

உன் வாலு


ஜூலை 11

வாலு,

உன் கடிதத்தை மருந்து அறையில் நின்றுகொண்டே படித்தேன். கண்ணில் தூசி என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நீ வந்து காட்டிக்கொடுத்துவிடாதே.

எனக்கு ஏன் எழுதவில்லை என்கிறாய். உனக்கு எழுதினால் கவரை முதலில் பிரிப்பது யார்? "இந்த வீட்டுப் படியை மிதிக்காதே" என்று சொன்னவர் யார்? நீ அப்போது ட்யூஷனில் இருந்தாய். வந்து பார்த்தபோது என் துணியெல்லாம் காலியாகியிருக்கும். அவ்வளவுதான் உனக்குத் தெரியும். அவ்வளவு போதும்.

உங்க அப்பா விஷயத்துக்கு வருகிறேன். கட்டிலிலிருந்து சட்டென்று எழக் கூடாது. உட்கார்ந்து, காலை ஆட்டி, நூறு எண்ணி, பிறகு எழ வேண்டும். குளியலறையில் ஈரம் இருக்கக் கூடாது, விளக்கு எரிய வேண்டும். ஏணி கூடவே கூடாது. அதை ஒளித்து வை. பிரஷர் மாத்திரையை ஒரு நாள் போட்டு ஒரு நாள் விட்டால் தலைசுற்றத்தான் செய்யும். காலையில் பள்ளிக்குப் போகும் முன்னால் நீயே எடுத்துக் கொடு, விழுங்குகிற வரைக்கும் நின்று பார். கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்ளும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேறு எதையும் நோண்டாதே. படிக்கிற வேலையைப் பார்.

அக்கா


ஜூலை 31

அக்கா,

உங்க அப்பா, உங்க அப்பா என்று எழுதுகிறாயே, அவர் உனக்கும் அப்பாதான்.

நீ சொன்னபடியே செய்தேன். ஏணியைத் தையல்கார அக்கா கடையில் கொண்டுபோய் வைத்தேன். தினமும் காலையில் பிரஷர் மாத்திரையைக் கையில் வைத்து, விழுங்கும் வரைக்கும் நின்றேன். "வாத்தியாரம்மா, போதுமா?" என்று வாயைத் திறந்து காட்டுவார். பதினாலு நாள் ஒரு நாள் கூடத் தவறவில்லை. அந்தப் பதினாலு நாளில் ஆறு தடவை விழுந்தார்.

கடைசியாக விழுந்தது திங்கட்கிழமை, குளியலறை வாசலில். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருக்கிறார்கள். "எலும்பு ரொம்ப லேசா இருக்கே, இந்த வயசுக்கு இப்படி இருக்கக் கூடாதே" என்று படத்தைப் பார்த்த டாக்டர் சொன்னார். "வேற ஏதாவது வியாதி, வேற ஏதாவது மாத்திரை உண்டா?" என்று கேட்டார்.

அப்பா "ஒண்ணுமில்ல சார்" என்றார்.

நான் பக்கத்திலேயே நின்றேன், அக்கா. எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். இதை எழுத மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

நம் வீட்டில் மாதா மாதம் சத்து மாத்திரை டப்பா வரும் அல்லவா? அம்மா அதை வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்துவிடுவாள். அம்மா போன பிறகு அந்த வேலை என்னுடையது. எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. டப்பாவை மறுபடி உபயோகிக்க என்றுதான் நினைத்திருந்தேன். தெருமுனை டாக்டர் கொடுப்பதையும் அப்பா அப்படியே லேபிள் இல்லாத டப்பாவில் கொட்டிவிடுவார். போன வருஷம் ஒரு லேபிள் தண்ணீரில் மிதக்கும்போது படித்தேன். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைப் போட்டுப் பார்த்தேன். எச்.ஐ.வி. என்று வந்தது. உடனே அணைத்துவிட்டேன். கம்ப்யூட்டர் மிஸ் வந்து, "என்னடி, பேயைப் பார்த்த மாதிரி நிக்கறே" என்றார்.

ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும் இல்லை.

உனக்கு இது தெரியுமா? தெரியாவிட்டால் என்னை மன்னித்துவிடு, சொல்லியிருக்கக் கூடாது. அந்த வியாதி இப்போது முற்றிவிட்டதா? அதனால்தான் விழுகிறாரா? அத்தைக்குத் தெரிந்தால் நாங்கள் குடித்த டம்ளரைக்கூடத் தூக்கிப் போட்டுவிடுவாள். எனக்கும் இருக்குமா அக்கா? அதை நான் கடைசியாகத்தான் கேட்கிறேன். முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்.

சத்து மாத்திரை தீரப் போகிறது. வருகிற வியாழக்கிழமை அதை வாங்கப் போக வேண்டும். கையில் கட்டு இருப்பதால் பை தூக்க என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.

வாலு


ஆகஸ்ட் 3

என் தங்கமே,

நீ கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில். உனக்கு இல்லை. எனக்கும் இல்லை, அம்மாவுக்கும் இருந்ததில்லை. அப்பாவுக்குத் தெரிந்தவுடனேயே அம்மா நம் எல்லோரையும் சோதித்துப் பார்த்துவிட்டாள். உனக்கு அப்போது மூன்று வயது. ஊசிக்காக ஆஸ்பத்திரியே அதிர அழுதாய். அம்மா போனது இதயத்தால். ஒரே டம்ளரில் குடித்தால் அது வராது. அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கினால் வராது. ஒரு வருஷம் இதைத் தனியாகவா சுமந்தாய்?

எனக்குத் தெரியும். நர்ஸ் வேலைக்கு வந்த முதல் வருஷம், நம் ஊர் ஆஸ்பத்திரியில் அவருடைய ஃபைலைப் பார்த்துவிட்டேன். நேராகப் போய் அவர் முன்னால் நின்று, "எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன். சாப்பிட்டீங்களா, தூங்கறீங்களா, இவ்வளவு வருஷம் எப்படிப்பா சமாளிச்சீங்க, இது எதையும் கேட்கவில்லை. போலீஸ்காரி மாதிரி அந்த ஒரு கேள்வி. அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். நானும் போய்விட்டேன். மூன்று வருஷமாக அவர் என்னைத் துரத்திவிட்டதாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். அவருக்கு வியாதி முற்றவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரு வேளை கூடத் தவறாமல் அந்த மாத்திரையைப் போடுகிறார். பிரஷர் மாத்திரையைத்தான் மறப்பார், இதை மறக்க மாட்டார். அதனால் அது அடங்கித்தான் கிடக்கிறது. இப்போது வந்திருப்பது வயசு. வயசோடு எல்லோருக்கும் வருவது அவருக்குக் கொஞ்சம் முன்னாலேயே வருகிறது. எலும்பு லேசாவதும் அதில் ஒன்று.

ஆனால் விழுவது வேறு. எச்.ஐ.வி. கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரையில் ஒரு வகை உண்டு. அது மற்ற மாத்திரைகளை உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியே போக விடாது. கூட பிரஷர் மாத்திரை போட்டால், ஒன்று இரண்டு மாதிரி வேலை செய்யும். எழுந்து நின்றவுடன் ரத்த அழுத்தம் பொத்தென்று இறங்கும். தெருமுனை டாக்டருக்குக் கிளினிக் மாத்திரை தெரியாது. கிளினிக் டாக்டருக்குத் தெருமுனை மாத்திரை தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அப்பா, அவர் சொல்ல மாட்டார். பார்த்தவரை எனக்குத் தோன்றுவது இதுதான், டாக்டர்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

மறந்துபோன நாட்கள்தான் அவரைக் காப்பாற்றி வந்திருக்கின்றன. தவறாமல் கொடு என்று எழுதியவள் நான். வார்டில் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அந்த விஷயத்தை எழுத வேண்டி வரும் என்று பயந்தேன். அந்த மணிக்கட்டு என் கணக்கு. உன் மேல் ஏற்றிக்கொள்ளாதே, தெரிந்ததா?

வியாழக்கிழமை வீட்டில் இருக்கிற எல்லா டப்பாவையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போ. தைலம், சொட்டு மருந்து, ஒன்றையும் விடாதே. அது டாக்டர் மேஜைக்குப் போய்விட்டால் போதும். நீயாக எதையும் நிறுத்தாதே, கூட்டாதே. அதுவரை அவர் எழும்போதெல்லாம் பக்கத்தில் நில்.

அக்கா


ஆகஸ்ட் 7

அக்கா,

நேற்று போய்விட்டு வந்தோம்.

டப்பாக்களைப் பார்த்தால் டாக்டருக்கு எது என்ன என்று எப்படித் தெரியும்? அதனால் என் நோட்டுக்கு ஒட்டும் லேபிளை ஒவ்வொன்றிலும் ஒட்டினேன். பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். வகுப்பு என்ற இடத்தில் "காலை" அல்லது "இரவு." பாடம் என்ற இடத்தில் "பிரஷர், தெருமுனை டாக்டர்", "தூக்கம், மருந்துக்கடைக்காரர் சும்மா கொடுத்தது", "சத்து." அப்பா குளிக்கும்போது எல்லாவற்றையும் பையின் அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினேன்.

அந்த இடம் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், துணி வெளுக்கிற கொட்டகையைத் தாண்டி இருக்கிறது. கதவில் பெயர்ப் பலகை கிடையாது. பன்னிரண்டு என்று எண் மட்டும். அப்பா என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பையை இடது கையில் வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கதவு தானாக முழுசாகச் சாத்திக்கொள்ளாது. புது மாத்திரையைப் பையில் போடும்போது டாக்டர் பார்த்திருக்க வேண்டும், டப்பாக்கள் ஒவ்வொன்றாக மேஜை மேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அப்புறம் டாக்டர், "இதெல்லாம் யார் ஐயா கொடுத்தது? எத்தனை மாசமா?" என்றார். அப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. டாக்டர்தான் மறுபடி, "தப்பு எங்க மேலயும்தான். நாலு வருஷமா ரத்தத்தில் வர்ற எண்ணை மட்டும் பார்த்து நல்லா இருக்குன்னு அனுப்பிட்டேன். எழுந்து நில்லுங்கன்னு ஒரு தடவை கூடச் சொன்னதில்லை" என்றார்.

பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். தூக்க மாத்திரையை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சீட்டும் கொடுத்து, பெரிய கட்டடத்தில் இருக்கும் முதியோர் பிரிவுக்குப் போய் எலும்பு, நடை, ஞாபகம் எல்லாம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம்.

அப்பா போக மாட்டார். வீட்டில் மேஜை ஃபேனின் ஆடுகிற காலுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதே மாதிரி நாலு சீட்டு.

அவர் மட்டும் இல்லை. பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் அப்பா வயது. ஒருவருக்கொருவர் ஒரு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் பேச்சு மட்டும் நிற்கவில்லை. குடையைத் தடியாக ஊன்றிக்கொண்டு ஒரு அம்மா இருந்தார். எல்லோரும் குடைக்காரம்மா என்றார்கள். "எனக்கும் அஞ்சு சீட்டு கொடுத்துட்டாங்க. அங்க போனா மைக்கில பேரைக் கூப்பிடுவாங்க. எந்த ரூம்ல இருந்து வந்தீங்கன்னு கேப்பாங்க. பன்னிரண்டுன்னு சொல்லணும். சொன்னதும் பக்கத்துல இருக்கறவன் எந்திரிச்சு அந்தக் கோடிக்குப் போவான். முட்டி வலியோடவே இருந்துக்கறேன் போ" என்றார். பக்கத்தில் இருந்த தாத்தா, "வியாதில சாவோம்னு நெனச்சு வீட்டை வித்தேன். இப்ப கெழவனா உக்காந்து வாடகை கட்டறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். உடனே எல்லோரும் சின்னப் பெண் இருக்கிறாளே என்று நிறுத்திக்கொண்டார்கள்.

அக்கா, இவர்களுக்கு அந்த அறை ஒன்றில்தான் பயம் இல்லை. அங்கிருந்து வெளியே போ என்று சீட்டுக் கொடுத்தால் எப்படிப் போவார்கள்? உங்கள் டாக்டர்கள்தான் அங்கே வர வேண்டும்.

அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகு, "பையில டப்பாவை வெச்சது யாரு?" என்றார்.

"நான்தான்ப்பா. டாக்டர் பார்க்கட்டும்னு."

"சத்து மாத்திரையைப் பார்க்க டாக்டர் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

வாலு


ஆகஸ்ட் 26

வாலு,

உன் கடிதத்தில் நோட்டு லேபிளும் பெஞ்சும் வரும் பக்கங்களை மட்டும், நம் வீட்டு விஷயத்தை மறைத்து, எங்கள் முதியோர் டாக்டரிடம் படித்துக் காட்டினேன். நோட்டு லேபிளில் சிரித்தார். குடைக்காரம்மா வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நாமளும் இங்க உக்காந்துக்கிட்டு ஏன் வரமாட்டேங்கறாங்கன்னு கேட்டுட்டே இருக்கோம்" என்றார். அன்றைக்கே உங்கள் கிளினிக் டாக்டருக்குப் போன் போட்டார். இருவரும் ஒரே கல்லூரியாம். பாதி நேரம் பழைய வாத்தியாரைத் திட்டினார்கள், மீதி நேரத்தில் காரியம் முடிந்தது.

உங்கள் பெரிய கட்டடத்து முதியோர் பிரிவில் இதற்கு ஆள் இல்லையாம், அதனால் செப்டம்பரிலிருந்து ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன், பன்னிரண்டாம் அறைக்கே வருகிறோம். டாக்டரும் ஒரு நர்ஸும். மாத்திரை வாங்க வரும் அதே நாள், அதே பெஞ்சு. புதுச் சீட்டு கிடையாது. ஐம்பது வயது தாண்டியவர்கள் எல்லோருக்கும் நடை, எலும்பு, கண், ஞாபகம், தூக்கம், வீட்டில் பேச ஆள் உண்டா, எல்லாம் அங்கேயே.

அந்த நர்ஸ் நான்தான். ஆறு மணி நேரப் பயணம் என்று வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டேன், அங்கே என் அப்பா இருக்கிறார் என்று. "அவருக்கு வேண்டாம்னா நீ வெளிய நில்லு, அவரை நான் பார்த்துக்கறேன்" என்றார். அதுதான் சரி. அது அவருடைய அறை, நான்தான் விருந்தாளி.

வார்டில் எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். இதற்கு மட்டும் பயமாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து போய்விட்டால், மாத்திரை வாங்கக்கூட மறுபடி வராமல் போய்விட்டால்? அப்படியானால் அவருக்கு இருந்த ஒரே இடத்தையும் கெடுத்தவள் நான். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடலாமா? நீ என்ன நினைக்கிறாய்?

அக்கா


ஆகஸ்ட் 31

அக்கா,

சொல்ல முயற்சி செய்தேன். "அப்பா, அக்கா வந்தா என்ன செய்வீங்க?" என்றேன். இடது கையால் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தார். "அவ ஏன் வரப் போறா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் வா. ஆனால் இருக்கலாமா என்று வாசலில் நின்றே கேள். உள்ளே போய் நிற்காதே.

மூன்று வாரமாக ஒரு தடவை கூட விழவில்லை.

வாலு


செப்டம்பர் 10, பஸ் நிலையத்தில்

வாலு,

பஸ் வர நாற்பது நிமிஷம் இருக்கிறது. மறப்பதற்குள் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி வாசலிலேயே நின்றேன். குடைக்காரம்மாதான் முதலில். ஐந்து தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னதற்கு, "என்ன, தோப்புக்கரணமா?" என்றார். நான்காவதாக அப்பா. மூன்று வருஷத்தில் அவர் தோள் இவ்வளவு ஒடுங்கியிருக்கும் என்று நீ எழுதவே இல்லையே.

என்னைப் பார்த்தார். எழுந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் இருக்கலாமா, வேண்டாமா? வேண்டாம்னா வெளிய நிக்கறேன்" என்றேன். அவர் கதவுப் பக்கம் இரண்டு அடி நடந்தார். அந்த நடையை மட்டும் கவனித்தேன், தொழில் புத்தி. ஆடவில்லை. கதவுக்குப் போய், என்னை உள்ளே விட்டு, அதை நன்றாகச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

டாக்டர், "தெரிஞ்சவங்களா?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் கேட்டார்.

"என் பெரிய பொண்ணு" என்றார் அப்பா.

படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தேன். நிற்க வைத்துப் பார்த்தேன். மூன்று நிமிஷம் நிற்க வேண்டும், அந்த மூன்று நிமிஷமும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடிக்கத் தேவையே இல்லை, நன்றாகத்தான் நின்றார். "ராத்திரி தூக்கம் வருதாப்பா?" என்று கேட்டேன். "மூணு வருஷமா இல்ல" என்றார். அதைத் தாளில் எழுத வேண்டியது என் வேலை. டாக்டர் பேனாவை வாங்கி எழுதினார்.

எலும்புக்கு மருந்து ஆரம்பிக்கிறோம். ஏணி ஏறக் கூடாது, கீழே உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாம். கடிகாரம் வரையச் சொன்னதற்கு, முள்ளை எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, இது ரிப்பேருக்கு வந்ததா என்றார். ஞாபகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரஷர் மாத்திரையை அவர் மறந்ததற்குக் காரணம், அதைப் போட்டாலே தலை சுற்றுகிறது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. உன்னிடம் சொல்ல மனசு வரவில்லையாம், "அவ அவ்வளவு ஆசையா வாத்தியாரம்மா மாதிரி நின்னா."

கிளம்பும்போது, "சின்னவளுக்கு இது தெரியக் கூடாது" என்றார். உனக்குத் தெரியும் என்பதை நான் உடைக்கவில்லை. அது உனக்கும் அவருக்கும் நடுவில்.

பஸ் வந்துவிட்டது.

அக்கா


செப்டம்பர் 14

அக்கா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அப்பா என்னை உட்காரச் சொன்னார். ஒரு மோட்டாரைப் பிரித்து முன்னால் வைத்துக்கொண்டார். முதலில் அதில் இருக்கும் கம்பிச் சுருள் எப்படிச் சூடாகிறது என்று பத்து நிமிஷம் சொன்னார். நானும் கேட்டேன். அப்புறம் அதைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் சாப்பிடறது சத்து மாத்திரை இல்ல" என்றார்.

எனக்குத் தெரியும்ப்பா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். பன்னிரண்டு வருஷமாக அவர் யாரிடமும் தானாகச் சொன்னதில்லை. முதல் தடவையாகச் சொல்கிறார். பாதியில் முடித்துவைக்க எனக்கு மனசு வரவில்லை. முழுவதையும் அவரே சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். எச்.ஐ.வி. என்று சொல்ல மூன்று தடவை ஆரம்பித்தார். அம்மா பரிசோதனைக்குக் கூட்டிப் போனதைச் சொன்னார். எப்படி வந்தது என்றும் சொன்னார், நான் கேட்கவில்லை. அதை உனக்கு எழுத மாட்டேன். உன்னிடம் அவரே சொல்வார், "பெரியவளுக்கும் சொல்லணும்" என்றார்.

சொல்லி முடித்ததும், "அத்தை வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"இல்லப்பா. அடுத்த தடவை போறப்ப நானும் வரேன். உள்ள வரைக்கும்."

"ஸ்கூல் இருக்கே."

"லீவ் லெட்டர் எழுதிக் கொடுங்க."

ஒரு தாளை எடுத்துவந்து கொடுத்தேன். வலது கையில் கட்டு, அதனால் இடது கையால் எழுதினார். வகுப்பாசிரியர் அவர்களுக்கு என்று எழுதவே கால் மணி நேரம் ஆனது. அப்புறம் பேனாவை வைத்துவிட்டார். "காரணம்னு என்ன போடறது? காய்ச்சல்னு போட்டுடலாமா? இல்ல, ஊருக்குப் போறோம்னு?"

"உங்க இஷ்டம்ப்பா."

தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு எழுதினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி கோணல்மாணலாக இருக்கிறது, அக்கா. ஆனால் நன்றாகப் படிக்க முடிகிறது:

"எனக்கு ஆஸ்பத்திரி நாள். என் மகள் எனக்குத் துணையாக வருகிறாள்."

வாலு